ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுவது: எந்தப் பாதை, எந்த மாதம், என்ன பூ

கேட்டவர் சென்னையில் இருக்கிறார், சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். கேள்வி இதுதான்: "ரோடு போடுவதற்கு முன்னால் எல்லாரும் சேலத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்துதான் ஏற்காட்டுக்கு ஏறினார்கள் என்று தாத்தா சொல்வார். அந்தப் பாதையில் இப்போது ஏற முடியுமா? காபிப் பூ, குறிஞ்சி இரண்டையும் பார்க்க எந்த மாதம் வரலாம்? காட்டெருமை கண்ணில் படுமா? அப்பாவுக்கு 62 வயது, மகளுக்கு 11. இருவரும் வருவதாகச் சொல்கிறார்கள்."

ஏறலாம். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் ஒரே நடையில் ஏற்றம், காபிப் பூ, குறிஞ்சி, காட்டெருமை நான்கும் சேர்ந்து கிடைக்காது. மலை ஏற நல்ல மாதம் வேறு, மலையில் பூப் பார்க்க நல்ல மாதம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பவர்கள்தான் மார்ச் மாதம் வந்து, அடிவாரத்தில் வனத்துறை திருப்பி அனுப்பியதும் கோபித்துக்கொண்டு போகிறார்கள். ஏன் அப்படி என்பதைப் பாதையிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

'வெள்ளைக்காரன் பாதை' என்று சேலத்தில் பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியையும் ஆரஞ்சு போன்ற பழமரங்களையும் நட்டுப் பார்த்தவர். அதற்குப் பிறகுதான் எஸ்டேட்டுகள், பங்களாக்கள், சர்ச்சுகள் எல்லாம் வந்தன. மோட்டார் ரோடு இல்லாத அந்தக் காலத்தில் துரைமார் குதிரைவண்டியில் அடிவாரம் வரை வந்து, அங்கிருந்து மட்டக்குதிரையிலோ ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ ஏறினார்கள். பெட்டி படுக்கை எல்லாம் கூலியாட்களின் தலையில். சேலம் பக்கம் இருந்த வழி செங்குத்தானது, குறுக்குவழி. வண்டி ஏற்ற வேண்டுமென்றால் இப்போதைய பொம்மிடிக்குப் பக்கத்தில் உள்ள மல்லாபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அது நீளமானாலும் சரிவு குறைவு. ஆத்தூர்ப் பக்கமிருந்தும் ஒரு கணவாய் வழி இருந்தது. உங்கள் தாத்தா சொன்னது எந்த வழி என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஆத்தூர்க்காரர் என்றால் அவர் சேலம் வரை வந்தே இருக்க மாட்டார்.

ஆனால் இந்த வழிகளில் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) ஏறி இறங்கியவை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்கள், மூத்தவர் சேர்வராயனில் தங்கினார், மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து, கீழே சந்தைக்கு இறக்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிய தடம்தான் பிறகு துரைகளின் பாதையானது. இந்த மலையில் மனிதர் நடமாட்டம் அதற்கும் பழையது. புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடரிகள் இங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. ஊர்மக்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்து, மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடரிகளைத் தேடித் திரிந்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்காலம் எவ்வளவு பின்னால் போகிறது என்று காட்டிய நிலவியலாளர். பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தாலும் அவருடைய அஸ்தி இங்கே ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கால்வாசியைக் கொடுத்தால் இந்த சர்ச்சைப் போய்ப் பார்த்துவிடலாம். யாரும் போவதில்லை.

சரி, இப்போது எதில் ஏறுவது? சேலம் கோரிமேட்டுக்கு அப்பால் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் பாதைதான் என் பரிந்துரை. குண்டூர் மலைச்சரிவில் உள்ள ஊர். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தார்கள், அதில் இதுவும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். பெரும்பாலும் அந்தந்த மலைக்கிராமத்துப் பிள்ளைகள்தான். பணம் கட்டி நடப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது, நேற்று ராத்திரி காட்டெருமை எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியும், கூகுள் மேப்புக்குத் தெரியாது.

வனத்துறையிடம் கேட்காமல் நீங்களாகவே ஏறக் கூடாது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே ஒற்றையடித் தடங்கள் தெரியும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதில் இறங்கிப் போகும் இளைஞர் கூட்டத்தை வாராவாரம் பார்க்கலாம். அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு, அபராதம் என்று போகும். அதைவிட முக்கியம், வழி தவறினால் தேடி வருவதற்கு நீங்கள் உள்ளே போனது யாருக்கும் தெரியாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீப் பிடிக்கும் காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். சேலம் பக்கத்துச் சரிவைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை. கீழ்ப்பாதி முழுக்க இலையுதிர்காடு. மாசி பிறந்தால் மரம் மொட்டை, தரை முழுக்கக் காய்ந்த சருகும் ஆளுயரப் புல்லும். தீ எப்போதும் கீழிருந்து மேலேதான் வேகமாக ஓடும், நீங்களும் மேலேதான் ஏறிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஓட்டத்தில் யாரும் தீயை முந்த முடியாது.

இங்கேதான் சிக்கல். காபி பூப்பது எப்போது? மார்ச், ஏப்ரலில். காட்டில் புரசும் இலவும் சிவந்து நிற்பது எப்போது? பிப்ரவரி, மார்ச்சில். பாதை மூடியிருக்கும் அதே இரண்டு மாதங்கள். அதனால்தான் இரண்டு தடவை வாருங்கள் என்கிறேன். ஏற்றத்துக்கு ஒரு தடவை, அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். பூவுக்கு ஒரு தடவை, மார்ச் கடைசியில், பஸ்ஸில் மேலே போய் எஸ்டேட் ரோடுகளில் சாவகாசமாக நடக்க.

ஏற்றத்தைப் பற்றி முதலில். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் முதலில் கண்ணில் படுவது முட்காடு: கருவேலம், சூரை, காரை, கள்ளி. திரும்பிப் பார்த்தால் சமவெளியில் வெள்ளை வெளேரென்று தோண்டிப் போட்ட மேடுகள் தெரியும். அது சேலத்தின் மேக்னசைட். உருக்காலை உலைகளுக்கு உட்பூச்சுக் கல் செய்யப் பயன்படும் தாது. மகளுக்குக் காட்டுங்கள், 'சுண்ணாம்பா அப்பா?' என்று கேட்காத பிள்ளையே இல்லை. காலுக்குக் கீழே மிதிபடும் கருங்கல்லோ சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறை. உச்சிச் சமதளங்களுக்குப் போனால் அதே பாறை வெயிலிலும் மழையிலும் மக்கி பாக்சைட்டாகிக் கிடக்கும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் மண் போனது. ஆக அடிவாரத்திலிருந்து உச்சி வரை போனால் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று நிலத்தைப் பார்த்துவிடுவீர்கள்.

முட்காட்டில் அக்டோபர் கடைசியில் நுழைந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வடக்கே இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு ஆறுமணிக்குருவி குளிர்காலத்துக்கு நம் பக்கம் வரும் நேரம் அது. விடியலிலும் பொழுது சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கட்டை வால். ஒன்பது நிறம் என்பார்கள், ஆனால் சருகுக்குள் தத்தித் தத்திப் போகும்போது ஒரு நிறமும் தெரியாது. வழிகாட்டியோடு சத்தமில்லாமல் போனால்தான் வாய்ப்பு. பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒரு கொண்டைக்குருவி இருக்கிறது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. பறவை பார்க்கிறவர்கள் அதற்காகவே வெளிமாநிலத்திலிருந்து சேர்வராயனுக்கு வருகிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அது வெறும் 'குருவி'.

பாதி உயரம் வரை வெயில் தலையில் இறங்கும். அதற்கு மேல் மூங்கிலும் கடுக்காய், வேங்கை, நெல்லி மரங்களும் கூடும். சந்தனம் அங்கங்கே தலைகாட்டும், பெரிய மரங்களெல்லாம் திருடர்கள் கையில் போய்ப் பல காலம் ஆகிறது. மழை முடிந்த மாதங்களில் இந்தப் பகுதியில்தான் பூ உண்டு, ஆனால் அது நீங்கள் நினைக்கும் மாதிரிப் பூ அல்ல. மலையே நிறம் மாறுகிற கூத்து இல்லை. புதர்மேல் ஏறிப் பற்றிக்கொண்ட செங்காந்தள், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக. நீர் கசியும் பாறையில் ஒட்டிக்கொண்டு பூக்கும் காட்டுக் காசித்தும்பை. புல்லுக்குள் வெள்ளையாக ஒற்றைத் தண்டில் நிற்கும் தரை ஆர்கிட்கள். குனிந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரிகிற பூக்கள். உன்னிச்செடியின் ஆரஞ்சும் ரோஸும் வழியெல்லாம் இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அது வெளிநாட்டிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்து காட்டையே மூடிவிட்ட செடி. அதைப் பறிப்பதற்கு மட்டும் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். செங்காந்தளை மட்டும் தொட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள், அதன் கிழங்கும் விதையும் கடும் விஷம்.

பருவமழையை ஒட்டி இன்னொரு காட்சியும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வரும் பட்டாம்பூச்சிகள், வடகிழக்கு மழையின் சமயத்தில் திரும்பவும் மேற்கே பறக்கும். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த வகைகளும், கரும்பழுப்பு வகைகளும் ஆயிரக்கணக்கில் போகும். நல்ல வெயில் அடித்த அக்டோபர் காலையில் பாதையில் நின்றால், எல்லாம் ஒரே திசையில் போவதைக் கவனிக்கலாம்.

நவம்பர், டிசம்பரில் வருவதானால் வானிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட நாளில் காட்டுத்தடத்தை யாரும் திறக்க மாட்டார்கள். என் கணக்கில் பொங்கலை ஒட்டிய இரண்டு வாரங்கள் ஏறுவதற்கு மிக நல்லவை. மழை நின்றிருக்கும், தரை ஈரம் காய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், காலை ஒன்பது மணி வரை வியர்க்காது. மேலே போய்ச் சேர்ந்தால் காபிப் பழம் பறிப்பும் நடந்துகொண்டிருக்கும்.

இப்போது காபிப் பூவுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது இதுதான்.

காபிச் செடி மழை முடிந்து டிசம்பர், ஜனவரியிலேயே மொட்டு வைக்கத் தொடங்கிவிடும். ஆனால் மலராது. இலைக்கணுவில் பச்சையாக, ஊசிமுனைபோல் ஒட்டிக்கொண்டு, வறட்சியில் அப்படியே தூங்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ கோடை மழை ஒன்று நன்றாக நனைக்கிற மாதிரிப் பெய்ய வேண்டும். அதைத்தான் பூ மழை என்று எஸ்டேட்காரர்கள் எதிர்பார்த்துக் கிடப்பார்கள். நனைந்த எட்டாம், பத்தாம் நாள் வாக்கில் ஒரு விடியற்காலை தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மலர்ந்துவிடும். கிளையே தெரியாத அளவுக்கு வெள்ளை. வாசனை மல்லிகையை நினைவுபடுத்தும், அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் பழுப்பேறி உதிர்ந்துவிடும். மழை போதாமல் தூறிவிட்டு நின்றால் மொட்டு பாதி விரிந்து கருகும். அந்த வருட விளைச்சலும் அதோடு போச்சு. அதனால்தான் அந்த மழைக்கு எஸ்டேட்டில் அவ்வளவு எதிர்பார்ப்பு.

ஆக, 'காபிப் பூ எந்தத் தேதி?' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான். ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரரையோ கடைக்காரரையோ தெரிந்துவைத்துக்கொண்டு, மழை எப்போது பெய்தது என்று மட்டும் கேளுங்கள். பெய்த நாளிலிருந்து ஒரு வாரம் எண்ணி, பையைக் கட்டுங்கள். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடியலில் சேலம், அங்கிருந்து மலை பஸ். அந்த மூன்று நாளில் ஒன்று நிச்சயம் கைக்கு வரும். ஒரே நாளில் மலை முழுக்கப் பூக்காது என்பதும் உங்களுக்குச் சாதகம். மழை இடம் பார்த்துத்தான் பெய்யும். நாகலூர்ப் பக்கம் உதிரும்போது மஞ்சக்குட்டைப் பக்கம் விரியலாம்.

நடக்க வேண்டிய இடம், ஏரியைச் சுற்றிய கூட்டம் அல்ல. மலையின் மேல் 32 கிலோமீட்டர் வளையமாக ஒரு சாலை இருக்கிறது, எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகும். அதில் ஒரு நான்கைந்து கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கு நடங்கள். தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம், ரோட்டிலிருந்தே எல்லாம் தெரியும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களிலும் அதே மாதங்களில் ஆரஞ்சு நிறச் சீப்புப் பூக்கள் இருக்கும். முள்முருங்கை அதற்குக் கொஞ்சம் முன்பே இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவந்திருக்கும். பங்களா வாசல்களில் ஜக்கரண்டா ஊதாவாக உதிர்ந்து கிடக்கும். மே மாதம் கோடை விழாவில் அரசு வைக்கும் மலர்க் கண்காட்சி வேறு விஷயம். தொட்டிப் பூக்களில் மயிலும் யானையும் செய்து வைத்திருப்பார்கள், நெரிசலில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். மகளுக்குப் பிடிக்கலாம், நான் அந்த வாரத்தில் மலைப்பக்கம் போவதில்லை.

குறிஞ்சி விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியதல்ல, சேர்வராயனிலும் உண்டு. ஆனால் நீலகிரி, மூணாறில் மலைச்சரிவு முழுக்கப் போர்த்துகிற மாதிரி இங்கே இல்லை. அங்கே 1994, 2006, 2018 என்று கணக்கு வருகிறது. அதை அப்படியே இங்கே ஒட்டவைத்து 2030க்கு விடுதி பதிவு செய்ய வேண்டாம், ஒவ்வொரு மலைக்கூட்டத்துக்கும் அதன் கணக்கு. குறிஞ்சிக் குடும்பத்தில் இன்னும் பல வகைகள் இருக்கின்றன, சில வருடாவருடம் பூக்கும், சில ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு முறை. 'ஏற்காட்டில் குறிஞ்சி பூத்தது' என்று வாட்ஸப்பில் படம் வந்தால், அது அந்தப் பெரிய குறிஞ்சியா அதன் சொந்தக்காரச் செடியா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பூவில் ஆர்வம் உள்ள குடும்பம் என்றால் ஏற்காட்டில் நான் கட்டாயம் அனுப்பும் இடம் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம். 1963இல் தொடங்கியது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் அங்கே உண்டு, மேகாலயாவிலிருந்து வந்தது. 11 வயதுக்கு அது போதும், ஒரு மணி நேரம் நகராது. உங்களுக்கு நான் சொல்வது வேறொன்று. இந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் இருக்கிறது, வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று தாவரவியலில் பெயர். சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பாலும் செடியும் பூண்டும்தான், இதுவோ மரமாக வளரும். சேர்வராயனைத் தாண்டி இயற்கையாக வேறெங்கும் இல்லை. அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.

காட்டெருமைக்கு வருவோம். படும், பெரும்பாலும் நீங்கள் தேடாத இடத்தில். கால்களில் முழங்கால் வரை வெள்ளை உறை போட்டதுபோல் இருக்கும், தோள் உயரம் ஆறடியைத் தொடும், பெரிய காளை ஆயிரம் கிலோ நிற்கும். அடிவார ஏற்றத்தில் பகலில் பார்ப்பது அபூர்வம், குளம்புத் தடமும் சாணமும்தான் கிடைக்கும். மேலே எஸ்டேட்களில்தான் இப்போது அதிகம் திரிகின்றன. விடியலில் மூடுபனிக்குள் காபிச் செடிகளுக்கு மேல் ஒரு கறுப்பு முதுகு மட்டும் நகரும். பார்த்தால் நின்றுவிடுங்கள், அது எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்துப் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. கூட்டத்தைவிடத் தனிக்காளைதான் ஆபத்து. மூக்கால் 'புஸ்' என்று ஒலி எழுப்பினால் அது எச்சரிக்கை, செல்ஃபிக்கு அழைப்பு அல்ல. மலையில் இதில் மிதிபட்டவர்கள் பெரும்பாலும் இருட்டில் தனியாக நடந்து வந்த தொழிலாளிகள். அதனால் காலை நடைக்கு நன்றாக வெளுத்த பிறகு கிளம்புங்கள்.

கரடி பெயரில் ஊரும் குகையும் இருக்கின்றன, கரடி இருக்கிறதா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குரங்கு மட்டும் எங்கும் உண்டு. கையில் தின்பண்டப் பொட்டலம் தெரிய நடந்தால் உங்களுடையது அல்ல. அதற்கு எதுவும் கொடுக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியடிபட்டுச் சாகும் குரங்குகள் எல்லாம் யாரோ பிஸ்கட் போட்டுப் பழக்கியவை. ஓடையோரத்தில் அதிகாலையில் யாரோ மனிதர் சீழ்க்கையடித்துப் பாட்டுக் கற்றுக்கொள்வது மாதிரிக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி.

பாம்பு பயம் இருக்கும், பாதையில் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து நடந்தால் போதும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கீழ்ச்சரிவில் உண்டு, கற்களுக்கு நடுவே கையை விடாதீர்கள். மழைக்காலத்தில் மேலே மண்ணிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் நீளத்தில், வால்நுனி வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக ஒரு பாம்பு வெளியே வரலாம். விஷமே இல்லாத மண்வாழ் பாம்பு. 1863இல் பெடோம் என்பவர் இந்த மலையிலிருந்துதான் அதை விவரித்தார், ஏற்காட்டோடு தொடர்புள்ள மருத்துவர் ஷார்ட்டின் பெயரை வைத்தார். சேர்வராயனுக்கே உரியது. மண்புழு என்றோ கட்டுவிரியன் குட்டி என்றோ நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். விரியனைவிட நான் அதிகம் பயப்படுவது மலைத்தேனீக்குத்தான். பாறை விளிம்பில் கூடு தெரிந்தால் சத்தம், புகை, சென்ட் வாசனை மூன்றும் கூடாது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 62 ஒரு வயதே இல்லை, தினமும் நடப்பவராக இருந்தால். மூட்டு வலி இருந்தால் ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். அதனால் ஏறிவிட்டு அதே பாதையில் இறங்க வேண்டாம் என்று சொல்வேன். குண்டூர்ப் பக்கமிருந்து எப்படித் திரும்புவது என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரானால் இந்த ஏற்றத்தை விட்டுவிட்டு, சேலத்தில் பஸ் ஏற்றிவிடுங்கள். மேலே பகோடா பாயின்ட்டில் உட்கார்ந்து ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அவருக்குத் தெரிந்த ஊர்கள் அங்கிருந்து நிறையத் தெரியும். அந்த நாளில் சேர்வராயன் கோயிலுக்கும் போய்வரலாம். மலை உச்சிச் சமதளத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே. அந்தக் குகை காவிரி வரை போகிறது என்பது ஊர் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் முழுக்க அங்கே கூடும்.

மகளை அழைத்துப் போவதற்கு முன் சிறுவர்களுக்கான வயது வரம்பையும் பெற்றோர் கையெழுத்து விதியையும் முன்பதிவுப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள், பாதைக்குப் பாதை மாறும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம், வழியில் ஓடும் ஓடையை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். முழுக்கால் பேன்ட், பிடிமானம் உள்ள ஷூ. புளிசாதம் கட்டிக்கொண்டால் மத்தியானம் வரை கெடாது. சேலத்திலிருந்து கிளம்பும்போதே ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டால், முட்காட்டு வெயிலில் சிக்கிக்கொள்வீர்கள், குழந்தை அங்கேயே சோர்ந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே அஸ்தம்பட்டிப் பக்கம் தங்கிவிடுவது நல்லது.